சுவரில் பொருத்திய கதவு

இதை நான் கதையாகச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

நடந்தது எங்கள் அண்ணிக்கு. பேச்சுக்குக்கூட ஒரு பொய் சொல்லத் தெரியாத மனுஷி. சொன்னால் முகமே காட்டிக்கொடுத்துவிடும். அன்றைக்குக் கூடவே இருந்த தச்சரையும் நான் தனியாகப் பார்த்துக் கேட்டேன். இரண்டு பேர் சொன்னதிலும் இம்மி வித்தியாசம் இல்லை.

இன்னொன்று. இது நடுராத்திரியில் நடக்கவில்லை. வெளியே நல்ல வெயில். தெருவில் ஆட்கள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். ஆனால் பூமிக்குக் கீழே இருக்கிற அறைக்குப் பகல் ஏது?

அண்ணிக்கு ஒரு பெரிய ஃபர்னிச்சர் ஷோரூமில் வேலை. சோபாவையும் மேசையையும் வரிசையாக அடுக்கி வைத்தால் பார்ப்பவர்கள் விலையைக் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அதையே ஒரு வீட்டு ஹால் போல அமைத்து, ஒரு விளக்கைப் போட்டு, ஓரத்தில் ஒரு போர்வையை மடித்து வைத்தால், உட்கார்ந்து பார்ப்பார்கள். உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கத் தயங்குவார்கள். அப்படி மாதிரி அறைகள் அமைப்பதுதான் அண்ணியின் வேலை.

அண்ணன் கப்பலில் வேலை பார்க்கிறவன். போனால் மாதக்கணக்கில் வரமாட்டான். வீட்டில் அண்ணியும் ஆறு வயது மகளும்தான். அவளை நாங்கள் வாண்டு என்று கூப்பிடுவோம். கல்யாணமாகிப் பல வருஷம் கடவுளிடம் அழுது கேட்டு வாங்கிய பிள்ளை. அதன்பிறகு இன்னொன்று பிறக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாண்டு தும்மினால் அண்ணிக்குத் தூக்கம் போய்விடும். பள்ளி விட்டதும் அவள் நேரே ஷோரூமுக்கு வந்துவிடுவாள். பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை.

அந்த ஷோரூமின் கீழ்த்தளம் வெகுநாளாக விற்காத கட்டில்களைப் போட்டு வைக்கிற இடமாக இருந்தது. முதலாளி ஒருநாள் அண்ணியை அங்கே கூட்டிக்கொண்டு போனார்.

"இந்த இடத்த இப்படியே விட்டா எலிதான் குடும்பம் நடத்தும். மனுஷங்க குடும்பம் நடத்தற மாதிரி ஒரு ஹால் போட்டுக் குடுங்க. சின்னப் பிள்ளைங்க இருக்கற வீடு. அம்மாமாருங்க பாத்த உடனே கண்ணு கலங்கணும்."

"கண்ணு கலங்கினா எப்படி சார் வாங்குவாங்க?"

"கலங்கினாத்தாம்மா வாங்குவாங்க!"

அண்ணிக்கு ஒரு வேலை முறை உண்டு. முதலில் சாமான் எடுக்க மாட்டார். வெறும் தரையில் உட்கார்ந்து, இந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று யோசிப்பார். அப்பா எங்கே உட்காருவார், அம்மா எங்கே உட்கார்ந்து துணி மடிப்பாள், பிள்ளை எங்கே விழுந்து புரளும் என்று ஒவ்வொருவராக மனதில் கொண்டுவந்து உட்கார வைப்பார். பிறகு முழங்காலில் நடந்து பார்ப்பார். பிள்ளையின் கண் உயரத்தில் எந்த முனை குத்தும், எந்த டிராயரில் விரல் நசுங்கும் என்பது அப்போதுதான் தெரியுமாம்.

இந்தத் தடவை அவர் மனதில் வந்து உட்கார்ந்தது ஒரு அம்மா மட்டும்தான். அப்பா வரவில்லை. பிள்ளையும் வரவில்லை. ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. 'ஒரு அம்மா, ஒரு பிள்ளைக்காகக் காத்துக்கொண்டிருக்கிறாள்' என்று மட்டும் தோன்றியதாம். சரி, அதையே வைத்துக்கொள்வோம் என்று வேலையைத் தொடங்கினார்.

மூலை மழுங்கிய மேசை. கழற்றித் துவைக்கிற உறை போட்ட சோபா. பொம்மை போட்டு வைக்க மூடியில்லாத பெட்டிகள். சாயாமல் சுவரோடு முடுக்கிய புத்தக அலமாரி. கண்ணாடிச் சாமான் ஒன்றுகூடக் கிடையாது. ஜன்னல் இல்லாத குறைக்குத் திரைச்சீலை தொங்கவிட்டு அதற்குப் பின்னால் விளக்கு வைத்தார்.

அப்புறம்தான் அந்தக் கதவு.

"ஒரே ஒரு வாசல் இருந்தா கடை மாதிரிதான் இருக்கும், அண்ணே. இந்தச் சுவத்துல ஒரு கதவு மாட்டுங்க. அதுக்குப் பின்னாடி இன்னும் வீடு இருக்குன்னு தோணணும்," என்றார் தச்சரிடம்.

தச்சர் தலையைச் சொறிந்தார். "சுவத்துக்கு மேலயே கதவா? திறந்தா மூக்கு இடிக்குமே தங்கச்சி."

"திறக்கிறதுக்கா சொன்னேன்? பாக்கறதுக்கு."

ஒயர்மேன் ஏணிமேல் நின்றபடி சிரித்தான். அவனை எல்லோரும் கரண்ட் என்றுதான் கூப்பிடுவார்கள். எப்போது வருவான், எப்போது போவான் என்று யாருக்கும் தெரியாது. "அண்ணே, அப்படியே ஒரு காலிங் பெல்லும் வச்சிரலாமா? சுவர் வெளிய போயிட்டு வந்தா அடிக்கும்."

தச்சர் நேர்த்தியான வேலைக்காரர். பொய்க் கதவு என்று சொல்லிவிட்டுப் பொய்யாகச் செய்ய அவருக்கு மனம் வரவில்லை. நல்ல மரத்தில் நிலை அடித்து, அதைச் சுவரில் போல்ட் போட்டு முடுக்கினார். நிஜமான கீல். நிஜமான கைப்பிடி. திறந்தால் வெறும் சிமெண்டுப் பூச்சு.

எல்லாம் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

மறுநாள் மதியம், சாப்பாட்டு வேளை. மற்றவர்கள் மேலே போயிருந்தார்கள். அண்ணி தனியாக உட்கார்ந்து தலையணை உறைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

டொக்... டொக்... டொக்.

நிமிர்ந்து பார்த்தார். சத்தம் படிக்கட்டுப் பக்கமிருந்து வரவில்லை.

டொக்... டொக்... டொக்.

அந்தக் கதவிலிருந்து வந்தது. அதுவும் ஒரு ஆள் தட்டுகிற உயரத்திலிருந்து இல்லை. இடுப்புக்கும் கீழே.

மேலிருந்து தண்ணீர்க் குழாய் இறங்குகிறது, அதுதான் அதிர்கிறது என்று தச்சர் சொன்னார். அண்ணியும் ஒப்புக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு அந்தச் சத்தம் தினமும் வந்தது. வருகிறபோதெல்லாம் மூன்று மூன்றாக. நடுவில் காத்திருப்பதுபோல ஒரு இடைவெளி. குழாய் காத்திருக்குமா?

ஒரு நாள் சாயங்காலம் வாண்டுவும் பக்கத்தில் இருந்தாள். சத்தம் வந்தது. அண்ணிக்குப் பொறுக்கவில்லை.

"யாரு?" என்று கேட்டார்.

சத்தம் சட்டென்று நின்றது. அதன்பிறகு... படபடவென்று, இரண்டு கையாலும் அடிப்பதுபோல.

அண்ணி எழுந்து போய்க் கதவை இழுத்துத் திறந்தார். சுவர். சாம்பல் நிறச் சிமெண்டு. தச்சர் பென்சிலால் போட்ட கோடு. அவ்வளவுதான். முகத்தில் ஈரக் காற்று மாதிரி ஒரு குளிர். ஆனால் வயிற்றுக்கு நேராக மட்டும் லேசான வெதுவெதுப்பு. யாரோ நெருங்கி நின்று மூச்சு விடுவதுபோல.

"அம்மா," என்றாள் வாண்டு. "அந்த அக்கா ஏன் அழறாங்க?"

"எந்த அக்கா?"

"பின்னல் போட்ட அக்கா. உன்னையேதான் பாக்கறாங்க."

அண்ணி கதவைப் படாரென்று மூடினார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரண்டிரண்டு படியாக மேலே ஓடினார். அன்றைக்கே முதலாளியிடம் கதவைக் கழற்றிவிடலாம் என்று சொல்லிப் பார்த்தார்.

"அய்யோ, அந்தக் கதவுதாம்மா அழகே! நாளைக்கு ஹாலப் பாக்கறதுக்கு ஆளுங்களக் கூப்பிட்டிருக்கேன். எல்லாம் தூக்கமில்லாத கோளாறு. முடிச்சிட்டு ரெண்டு நாள் லீவு எடுத்துக்கங்க."

அவரும் கெட்ட மனிதர் இல்லை. யார்தான் நம்புவார்கள்?

மறுநாளிலிருந்து பள்ளிக்கு விடுமுறை. வாண்டுவைக் கூட்டிவர வேண்டாம் என்றுதான் அண்ணி நினைத்தார். பக்கத்து வீட்டில் கேட்டார். அவர்கள் வெளியே கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள்தானே, கண் பார்வையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று கூட்டிவந்தார்.

மஞ்சள் கவுன். கழுத்துவரை வெட்டிய தலைமுடி. வாண்டு கம்பளத்தில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். அண்ணி நாலடி தள்ளி முழங்காலிட்டு, அலமாரியின் அடித்திருகு இறுகியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். மணி நாலு பத்து. சற்று முன்புதான் கடிகாரத்தைப் பார்த்திருந்தார்.

"அம்மா, அந்தக் கதவுக்குக் கீழ வெளிச்சம் வருது."

"கிட்டப் போகாதே. இதோ வந்துட்டேன்."

ஒரு திருகு. ஒரே ஒரு திருகு முடுக்குகிற நேரம்.

க்ளிக்.

திரும்பினார்.

கம்பளத்தில் படம் கிடந்தது. அதன்மேல் ஒரு கிரேயான் இன்னும் உருண்டுகொண்டிருந்தது. வாண்டு இல்லை.

கதவு மூடியிருந்தது.

இழுத்துத் திறந்தார். சுவர்.

மூடினார். மறுபடி திறந்தார். சுவர்.

அண்ணி போட்ட கூச்சலில் மூன்று மாடியிலிருந்தும் ஆட்கள் ஓடிவந்தார்கள். கட்டில்களுக்கு அடியில் தேடினார்கள். அலமாரிகளைத் திறந்தார்கள். கரண்ட் லிஃப்ட் குழிக்குள் இறங்கிப் பார்த்தான். கீழ்த்தளத்துக்கு ஒரே படிக்கட்டுதான். அதன் தலைப்பில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேன், யாரும் மேலே வரவில்லை என்று தன் பிள்ளைகள்மேல் ஆணையிட்டார். முதலாளி செருப்புகூடப் போடாமல் தெருவில் ஓடினார். கடை கடையாகக் கேட்டார். போலீசுக்குச் சொன்னார். வரவேண்டிய ஆட்களைத் திருப்பி அனுப்பினார்.

அண்ணி மட்டும் கீழ்த்தளத்தைவிட்டு அசையவில்லை.

"வெளிய போகலங்க. இதுக்குள்ள போனா. இந்தக் கதவுக்குள்ள போனா."

"தங்கச்சி... அது சுவரும்மா," என்றார் தச்சர்.

"உடைங்க அண்ணே."

அவர் தயங்கினார்.

"உங்க கால்ல விழறேன். உடைங்க."

தச்சர் உளியையும் சுத்தியலையும் எடுத்தார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. இந்த உலகத்தில் இப்படிச் சிலர் இருப்பதால்தான் நாமெல்லாம் நடமாடுகிறோம் என்று எனக்குத் தோன்றும். நம்ப முடியாததை நம்பாமலேயே, கேட்டவளின் கண்ணீருக்காகச் செய்கிறவர்கள்.

பூச்சு உதிர்ந்தது. செங்கல் தெரிந்தது. ஒவ்வொன்றாகப் பெயர்த்தார். அண்ணி வெறும் கையால் கல்லை இழுத்து இழுத்துப் போட்டார். நகம் பிய்ந்து ரத்தம் வந்ததே தெரியவில்லை.

கடைசிச் செங்கலும் வந்தது.

உள்ளே மண்.

வெறும் ஈர மண். ஒரு புழு நெளிந்தது. தச்சர் முழங்கைவரை விட்டுத் துழாவினார். பிறகு மெதுவாகக் கையை வெளியே எடுத்தார்.

"மண்ணுதான் தங்கச்சி. வேற எதுவுமே இல்ல."

அண்ணி அந்த மண்ணிலேயே முகத்தை வைத்துக்கொண்டு பெயர் சொல்லிக் கூப்பிட்டார். தொண்டை கட்டும்வரை கூப்பிட்டார். பதில் இல்லை. 'கடவுளே, என்னை எடுத்துக்கொள். அவளை விட்டுவிடு' என்பதைத் தவிர வேறு வேண்டுதல் அவருக்கு வரவில்லை.

மேலே போலீஸ் ஜீப் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. மற்றவர்கள் மேலே போனார்கள். தச்சர் போகவில்லை. ஒரு தாயைத் தனியாக விட்டுப் போக மனம் வரவில்லை என்றார் என்னிடம்.

அப்போது அண்ணி எழுந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். கதவை மெதுவாகச் சாத்தினார்.

"ஏம்மா மூடறீங்க?"

"மூடினாத்தானே அண்ணே தட்டுவாங்க?"

கதவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். தச்சர் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார். பொய் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த விளக்கு மட்டும் எரிந்தது. மணி ஆறே முக்கால்.

அந்த நேரத்தில் அண்ணி ஒன்று யோசித்தாராம். அந்தப் பக்கம் யாரோ இருக்கிறார்கள். பிள்ளை அவர்களிடம்தான் இருக்கிறது. அழுதாயிற்று, கத்தியாயிற்று, சுவரையும் இடித்தாயிற்று. இன்னும் செய்யாதது ஒன்றே ஒன்றுதான். அவர்களிடம் மரியாதையாக ஒரு வார்த்தை பேசவில்லை.

டொக்.

தச்சர் எழுந்து நின்றுவிட்டார்.

டொக்... டொக்.

இடுப்புக்குக் கீழே இல்லை. முன்பைவிட மேலே. அண்ணியின் நெஞ்சு உயரத்தில்.

அண்ணியின் குரல் நடுங்கவில்லை.

"வாங்க," என்றார். "யாரா இருந்தாலும் உள்ள வாங்க. இந்த இடம் உங்களுக்காகவும் போட்டதுதான்."

சத்தம் நின்றது.

"என் பொண்ணு உங்ககிட்டதான் இருக்கா. தெரியும். நல்லா பாத்துக்கிட்டிருப்பீங்க. உங்களுக்குக் கோடிப் புண்ணியம். ஆனா எனக்கு அவ ஒருத்திதாங்க. வேற யாரும் இல்ல. உங்கள நான் திட்ட மாட்டேன். யார்கிட்டயும் சொல்லிக் குறை பேச மாட்டேன். அவளக் குடுத்துடுங்க தாயீ..."

கதவின் அடியில் ஒரு கோடு வெளிச்சம்.

அந்த வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு... இரண்டு பாதம். அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு. பெரியவை.

கைப்பிடி திரும்பியது.

யாரும் தொடவில்லை. இந்தப் பக்கம் யாரும் தொடவில்லை.

கதவு திறந்தது.

வாண்டு நின்றாள்.

அவளுக்குப் பின்னால் மஞ்சள் வெளிச்சத்தில் ஒரு அறை. ஜன்னல் இல்லாத அறை. அவள் தோள்மேல் ஒரு கை இருந்தது. ஒல்லியான, நரம்பு தெரிகிற, ஒரு பெண்ணின் கை.

அது தோளை இறுகப் பிடித்திருந்தது.

பிறகு ஒவ்வொரு விரலாக... எடுத்தது.

முதுகில் மெல்லத் தள்ளியது.

வாண்டு இந்தப் பக்கம் வந்து விழுந்தாள். அண்ணி அவளை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். நிமிர்ந்து பார்த்தபோது உடைந்த செங்கலும் மண்ணும்தான் இருந்தன.

அழுகிற பிள்ளையின் முதுகைத் தடவினார்.

கையில் என்னவோ தட்டுப்பட்டது.

பின்னல்.

இடுப்புவரை தொங்கிய ஒற்றைப் பின்னல்.

"அம்மா..." என்று விசும்பினாள் வாண்டு. "எவ்ளோ நாள் தட்டினேன் தெரியுமா? ஏம்மா திறக்கல?"

அண்ணியின் கை பின்னலைவிட்டு அகலவில்லை.

"ஒரு நாள் திறந்த. நான் அழுதேன். நீ என்னப் பாத்த. பாத்துட்டு மூடிட்ட. உன் பக்கத்துல குட்டியா நான் நின்னேன். அவ மட்டும் என்னப் பாத்தா."

முந்தின நாள் கதவைத் திறந்தபோது, தனக்குச் சுவர் தெரிந்த இடத்தில் நின்றது யார், தினமும் தட்டியது யார் என்று அண்ணிக்கு அப்போதுதான் புரிந்தது. தன் பிள்ளை அந்தப் பக்கம் போவதற்கு முன்பே, தன் பிள்ளைதான் அந்தப் பக்கமிருந்து தட்டியிருக்கிறாள். அது எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் தெரியாது.

தச்சர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியேறினார். "காலையில தூக்கிச் சுத்தின பிள்ளைதான் சார்," என்றார் என்னிடம். "அப்ப இருந்ததவிட ரொம்பக் கனம். மூச்சு வாங்கிடுச்சு."

மேலே வெளிச்சத்துக்கு வந்ததும் முதலாளி ஓடிவந்தார். போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தார். பிள்ளை கிடைத்த சந்தோஷத்தில் யாரும் எதையும் உற்றுப் பார்க்கவில்லை. கரண்ட் மட்டும் ஏதோ சொல்ல வாயைத் திறந்து, பின்னலைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். அவன் வாய் மூடி அன்றைக்குத்தான் பார்த்தேன் என்றார் தச்சர்.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டு முடித்தபின் வாண்டு கொஞ்சம் சொன்னாள்.

"அங்க யார் இருந்தாங்கடா?"

"ஒரு அம்மா. பேர் கேட்டா சொல்ல மாட்டாங்க. தலை வாரி விடுவாங்க. காய்ச்சல் வந்தப்ப தூங்கவே இல்ல."

"உன்னத் திட்டினாங்களா?"

"இல்ல. நான் உன்கிட்டப் போகணும்னு அழுதா அவங்களும் அழுவாங்க. இங்கயே இருந்துடறியான்னு ஒரு தடவதான் கேட்டாங்க. அப்புறம் அவங்கதான் சொன்னாங்க. தட்டிட்டே இரு, உங்கம்மா நல்லவங்க, ஒரு நாள் கூப்பிடுவாங்கன்னு."

அதற்குமேல் வாண்டு எதுவும் சொல்லவில்லை. சில மாதங்களில் எல்லாவற்றையும் மறந்தும் போனாள். இப்போது கேட்டால் சிரிக்கிறாள்.

கதவை முதலாளி எரித்துவிட்டார். சுவரைக் கட்டிப் பூசினார்கள். பிற்பாடு பக்கத்து மனையில் அஸ்திவாரம் தோண்டினார்களாம். அந்தச் சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தச்சர் போய் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். மண். மண்ணுக்குக் கீழே பாறை. அங்கே எந்த அறையும் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

பள்ளியில் ஆசிரியை அண்ணியைக் கூப்பிட்டு, "பிறந்த வருஷம் சரியாத்தான் குடுத்திருக்கீங்களா? லீவு முடிஞ்சு வந்த பிள்ளை மாதிரி இல்ல, வகுப்பு மாறி வந்த பிள்ளை மாதிரி இருக்கா," என்றாராம். அண்ணி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

நான் விடுமுறைக்குப் போனபோதுதான் அண்ணி அந்த மஞ்சள் கவுனை எடுத்துவந்து என் மடியில் வைத்தார். அன்றைக்கு வாண்டு போட்டிருந்தது. சாயம் வெளுத்து, துவைத்துத் துவைத்துத் துணி மெலிந்து போயிருந்தது. வளருகிற பிள்ளை என்று அண்ணி அதன் கீழ் விளிம்பில் நாலு விரல் துணியை உள்ளே மடித்துத் தைத்திருந்தாராம்.

அந்த மடிப்பு இல்லை. யாரோ பிரித்து விட்டிருந்தார்கள். பிள்ளை வளர வளர, ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. இரண்டு பழைய மடிப்புக் கோடுகளும் துணியில் தெளிவாகத் தெரிந்தன. தையல் மெஷின் தையல் இல்லை. பொடிப்பொடியாக, ஒரே சீராக, பொறுமையாகக் கையால் போட்ட தையல்.

"ராத்திரி சாமி கும்பிடும்போது கடைசியா அவங்களுக்காகவும் ஒரு வார்த்தை சொல்றேன்," என்றார் அண்ணி. "பேர்தான் தெரியல. 'என் பிள்ளைய வளத்தவங்க'ன்னு சொல்லிக்கறேன். கடவுளுக்குத் தெரியாதா?"

பிறகு விளக்கைப் பக்கத்தில் இழுத்தார். "தையலப் பாருங்க," என்றார்.

விரலால் நெருடிப் பார்த்தேன். வழுக்கியது.

நூல் இல்லை. தலைமுடி.

முதல் தடவை தைத்துப் பிறகு பிரித்த கோட்டில், ஊசித் துளைகளில் அறுந்து ஒட்டியிருந்த முடி நல்ல கறுப்பு.

இரண்டாவதாகத் தைத்த கோட்டில் இருந்தது... அத்தனையும் நரை.